விளையாட்டு நிரலில் நிறம் பார்த்து அணிப்புள்ளி எண்ணுதல்

நிறம் பார்த்து அணிப்புள்ளி எண்ணுதல் என்பது, கணினி விளையாட்டு ஒன்றில் உள்ள பொருள்களின் நிறத்தை அடையாளமாகக் கொண்டு, ஒவ்வோர் அணியும் பெற்ற புள்ளியை நிரல் வழியே கணக்கிடும் முறையாகும். சிவப்புப் பந்து வலைக்குள் விழுந்தால் சிவப்பு அணிக்கு ஒரு புள்ளி, நீலப் பந்து விழுந்தால் நீல அணிக்கு ஒரு புள்ளி என்பது இதன் மிக எளிய வடிவம். நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் முதலில் செய்து பார்க்கும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று.

பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும் இப்பயிற்சியில் மூன்று இடங்களில் கணக்குத் தவறும். கணினி பார்க்கும் நிறமும் நம் கண் பார்க்கும் நிறமும் ஒன்றாக இல்லாமல் போவது முதலாவது. ஒரே பொருளைப் பலமுறை எண்ணிவிடுவது இரண்டாவது. நிறத்தையும் புள்ளியையும் ஒன்றெனக் கருதுவது மூன்றாவது. நிறம், பொருளின் அடையாளத்தை மட்டுமே சொல்லும். புள்ளியைத் தீர்மானிப்பது ஆட்டத்தின் விதி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால் மற்றவை எளிதில் விளங்கும். இதற்கு நம் வீடுகளில் உள்ள கேரம் பலகையே நல்ல எடுத்துக்காட்டு.

நிறம் செய்யும் மூன்று வேலைகள்

விளையாட்டுகளில் நிறம் எப்போதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நிரல் எழுதத் தொடங்கும் முன் அது எந்த வேலையைச் செய்கிறது என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

1. நிறம் அணியைக் குறிக்கலாம். சதுரங்கத்தில் வெள்ளைக் காய் ஒருவருடையது, கருப்புக் காய் மற்றவருடையது. யார் தொட்டாலும் காயின் உரிமை மாறாது.

2. நிறம் மதிப்பைக் குறிக்கலாம். ஸ்னூக்கர் ஆட்டத்தில் சிவப்புப் பந்துக்கு 1 புள்ளி, மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கருப்புக்கு 7. பந்து யாருக்கும் சொந்தமில்லை. முறைப்படி குழியில் போட்டவருக்கே புள்ளி.

3. நிறம் அப்போதைய உரிமையைக் குறிக்கலாம். ஒரு கட்டம் இப்போது கருப்பாக இருக்கும், அடுத்த நகர்வில் வெள்ளையாக மாறும். இங்கே புள்ளி ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

முதல் வகையில் நிறத்தைப் பார்த்தாலே அணி தெரியும். இரண்டாம் வகையில் அடித்தவர் யார் என்பதைத் தனியே குறித்து வைக்க வேண்டும். மூன்றாம் வகையில் நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு அணிகளின் கணக்கையும் திருத்த வேண்டும். மூன்றுக்கும் ஒரே நிரலை எழுத முயன்றால் கணக்குக் குழம்பும்.

கேரம்: ஒரே பலகை, இரண்டு கணக்கு

கேரம் பலகையில் 9 வெள்ளைக் காய்கள், 9 கருப்புக் காய்கள், சிவப்பு நிற ராணி ஒன்று என 19 காய்கள் உள்ளன. ராணியை நாம் 'ரெட்' என்றே சொல்வோம். பன்னாட்டு கேரம் கூட்டமைப்பு 1988-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. முதல் உலகப் போட்டி 1991-இல் புதுதில்லியில் நடைபெற்றது. அதில் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த மரியா இருதயம். 1995-இல் கொழும்பில் நடந்த போட்டியிலும் அவரே வென்றார். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ச்சுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையின் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார்.

இவர்கள் ஆடிய போட்டி முறையும், விடுமுறை நாளில் திண்ணையில் பிள்ளைகள் ஆடும் முறையும் பலகையளவில் ஒன்றே. புள்ளிக் கணக்கில் வெவ்வேறு.

வீட்டு ஆட்டத்தில் நிறம் மதிப்பைக் குறிக்கிறது. பல வீடுகளில் கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50 என்று வைத்துக்கொள்வர். எந்தக் காயையும் யாரும் போடலாம். ரெட்டைப் போட்டவர் அதற்கு ஃபாலோவாக இன்னொரு காயையும் போட வேண்டும். இல்லையென்றால் ரெட் பலகைக்குத் திரும்பிவிடும்.

போட்டி முறையில் நிறம் அணியைக் குறிக்கிறது. தொடங்குபவர் வெள்ளை, எதிரே இருப்பவர் கருப்பு. தம் காய்கள் ஒன்பதையும் முதலில் குழியில் போட்டவர் அந்தச் சுற்றை வெல்கிறார். அவருக்குக் கிடைக்கும் புள்ளி, எதிரணியின் காய்கள் எத்தனை பலகையில் மீதம் உள்ளனவோ அத்தனை. ராணியை முறைப்படி ஃபாலோவுடன் போட்டவரும் அவரே என்றால் மேலும் 3 புள்ளி. அவருடைய மொத்தப் புள்ளி ஏற்கெனவே 22 அல்லது அதற்கு மேல் இருந்தால் ராணிக்கான 3 புள்ளி கிடையாது. 25 புள்ளியை முதலில் எட்டுபவர், அல்லது 8 சுற்று முடிவில் கூடுதல் புள்ளி வைத்திருப்பவர், ஆட்டத்தை வெல்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெள்ளை அணி தன் காய்கள் அனைத்தையும் போட்டுவிட்டது. பலகையில் 4 கருப்புக் காய்கள் மீதம். ராணியையும் வெள்ளை அணியே எடுத்திருந்தால் அதற்கு 4 + 3 = 7 புள்ளி. ராணியைக் கருப்பு அணி எடுத்திருந்தால் வெள்ளைக்கு 4 மட்டுமே. தோற்ற அணி என்பதால் கருப்புக்கு அந்த 3 புள்ளி சேராது. ராணி வெள்ளையிடமே இருந்து, வெள்ளையின் முந்தைய மொத்தம் 22 என்றாலும் 4 மட்டுமே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளை அணியின் புள்ளியைக் கணக்கிட நாம் எண்ணியவை வெள்ளைக் காய்கள் அல்ல, கருப்புக் காய்கள். அவையும் குழியில் விழுந்தவை அல்ல, பலகையில் நிற்பவை. 'வெள்ளைக் காய் விழுந்தால் வெள்ளைக்கு 1' என்று எழுதிய நிரல் ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 9 புள்ளி கொடுத்துவிடும்.

கணினி நிறத்தை அறியும் விதம்

கணினித் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளியின் அளவும் 0 முதல் 255 வரையிலான எண்ணால் குறிக்கப்படும். முழுச் சிவப்பு என்பது 255, 0, 0. வெள்ளை என்பது 255, 255, 255. கருப்பு என்பது 0, 0, 0. இம்முறையில் 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்கள் உள்ளன. நாம் 'சிவப்பு' என்று ஒரே சொல்லால் அழைப்பவை இவற்றுள் பல்லாயிரம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆனைக்குட்டம், திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. அச்சகத்தில் நாட்காட்டிப் படம் அச்சாகும்போது சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளே பயன்படுகின்றன. ஒரே சிவப்புப் புடவை ஒரு தாளில் சற்று ஆரஞ்சாகவும் இன்னொரு தாளில் சற்றுக் கருஞ்சிவப்பாகவும் விழலாம். ஆகவே 'சிவப்பு' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேலை நடக்காது. ஒவ்வொரு மையும் எத்தனை விழுக்காடு என்பது வேண்டும், ஒத்துப் பார்க்க ஒரு மாதிரித் தாளும் வேண்டும். அச்சில் மை, திரையில் ஒளி என்பதே வேறுபாடு. இரண்டிலும் நிறத்தின் பெயர் மனிதருக்கு, எண் எந்திரத்துக்கு.

இதனால் நிரலில் ஏற்படும் சிக்கல் தெளிவானது. 255, 0, 0 என்ற நிறத்தைத் தேடும் நிரல், 254, 0, 0 என்ற நிறத்தைக் கண்டால் 'இது வேறு' என்று விட்டுவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. புகைப்படங்களுக்குப் பயன்படும் ஜேபெக் கோப்பில் ஒரு காயின் படத்தைச் சேமித்தால், கோப்பின் அளவைக் குறைப்பதற்காக நிற எண்கள் சிறிது மாற்றப்படும். பிஎன்ஜி கோப்பில் அந்த மாற்றம் நேராது. உருவத்தின் ஓரங்களை வழுவழுப்பாகக் காட்டுவதற்காக, ஓரப் புள்ளிகளில் உருவத்தின் நிறமும் பின்னணி நிறமும் கலக்கப்படுவதும் உண்டு. வெள்ளைக் காயின் ஓரத்தில் உண்மையில் இருப்பது வெள்ளை அல்ல. வெள்ளைக்கும் பலகை நிறத்துக்கும் இடைப்பட்ட ஒன்று.

ஸ்க்ராட்ச் மொழியில் நிறம் தொடுதல்

ஸ்க்ராட்ச் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஊடக ஆய்வகம் உருவாக்கி, 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட நிரல்மொழி. எழுத்தால் கட்டளை இடுவதற்குப் பதிலாக, வண்ணக் கட்டைகள் போன்ற பிளாக்குகளைப் பொருத்தி நிரல் அமைக்கலாம். தமிழ்நாட்டு அரசின் 10-ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 'காட்சித் தொடர்பு' என்ற பாடத்தில் இது அறிமுகமாகிறது. நடிக்கும் உருவம் ஸ்பிரைட், நடிக்கும் இடம் மேடை, உருவம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைத் தொகுதி ஸ்கிரிப்ட். மேடையின் அளவு அகலத்தில் 480, உயரத்தில் 360 அலகு.

இம்மொழியில், 'இந்த ஸ்பிரைட் இந்த நிறத்தைத் தொடுகிறதா?' என்று கேட்கும் பிளாக் ஒன்று உள்ளது. ஆம் அல்லது இல்லை என்பதே அதன் விடை. நிறத்தைக் கொண்டு புள்ளி எண்ணும் மாணவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். குழி என்ற ஸ்பிரைட்டில் 'வெள்ளையைத் தொட்டால் புள்ளியை 1 கூட்டு' என்று அமைத்துவிடுவர். இதில் மூன்று செய்திகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, இப்பிளாக் நிற எண்களை முழுமையாக ஒப்பிடுவதில்லை. ஸ்க்ராட்ச் 3-ஆம் பதிப்பில் சிவப்பு, பச்சை எண்களை எட்டு எட்டாகவும், நீல எண்ணைப் பதினாறு பதினாறாகவும் கட்டுப் பிரித்து, ஒரே கட்டுக்குள் வந்தால் ஒரே நிறம் என்று கொள்கிறது. சிவப்பு அளவு 250, 255 ஆகிய இரண்டும் 248 முதல் 255 வரையிலான கட்டுக்குள் இருப்பதால் ஒன்றாகின்றன. ஆனால் 247, 248 ஆகிய இரண்டும் பக்கத்து எண்களாக இருந்தும் வெவ்வேறு கட்டில் விழுவதால் வேறாகின்றன. 'சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்வதில்லை' என்ற குழப்பத்துக்கு இப்படிப்பட்ட எல்லைக்கோடும் ஒரு காரணம்.

இரண்டாவது, இப்பிளாக் எந்தப் பொருள் தொட்டது என்று சொல்லாது. அந்த நிறம் தொட்டதா என்று மட்டுமே சொல்லும். மேடைப் பின்னணியில் வரைந்த வெள்ளைக் கோடு குழியின் மேல் பட்டால், அதுவும் வெள்ளைக் காய் விழுந்ததாகவே கணக்கில் ஏறும்.

மூன்றாவது, இரண்டு வெள்ளைக் காய்கள் ஒரே நேரத்தில் குழியைத் தொட்டாலும் விடை ஒரே 'ஆம்'தான். எத்தனை என்பதை இப்பிளாக் கொண்டு அறிய முடியாது.

ஆகவே எண்ணும் பொறுப்பைக் குழியிடம் கொடுப்பதைவிடக் காயிடம் கொடுப்பது மேல். ஒவ்வொரு காயும் தனித்தனி ஸ்பிரைட்டாகவோ ஒரு ஸ்பிரைட்டின் குளோனாகவோ இருக்கட்டும். 'இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும்' என்ற வகையில் 'வகை' என்றொரு மாறியை உருவாக்கி, காய் பிறக்கும்போதே அதில் வெள்ளை, கருப்பு, ராணி என்று எழுதிவிட வேண்டும். பிறகு காய், 'நான் குழி ஸ்பிரைட்டைத் தொடுகிறேனா?' என்று கேட்டால் போதும். விடை ஆம் என்றால் 'வகை' மாறியைப் பார்த்துக் கணக்கில் சேர்க்கலாம். இப்போது திரையில் தெரியும் நிறம் மாறினாலும், ஓரம் கலங்கினாலும் கணக்குப் பாதிக்கப்படாது.

பெரிய விளையாட்டுத் தளங்களிலும் இதே வழக்கத்தைக் காணலாம். ரோப்லாக்ஸ் தளத்தில் ஓர் அணிக்குப் பெயர் ஒரு பண்பு, அணிநிறம் தனிப்பண்பு. அந்த அணிநிறமும் திரையிலிருந்து அளந்து எடுத்த நிறமன்று. பெயரிட்ட நிறங்களின் நிலையான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த ஒன்று. பட்டியலில் உள்ளதை ஒப்பிடும்போது 'ஏறத்தாழ' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரே காயை இருமுறை எண்ணுதல்

ஸ்க்ராட்சில் 'எப்போதும்' என்ற சுழலுக்குள் உள்ள கட்டளைகள் பொதுவாக நொடிக்கு 30 முறை வரை நிறைவேறும். குழிக்குள் சரியும் கருப்புக் காய் அரை நொடி குழியைத் தொட்டுக்கொண்டிருந்தால், நிரல் அதை 15 முறை பார்க்கிறது. வீட்டு ஆட்டக் கணக்கில் கிடைக்க வேண்டியது 10 புள்ளி. பலகையில் ஏறுவது 150. காய் வேகமாகச் சரிந்தால் குறைவாகவும், மெதுவாகச் சரிந்தால் கூடுதலாகவும் ஏறும். ஆடும் பிள்ளைகள் முதலில் சண்டை போடுவது இதற்காகத்தான் இருக்கும்.

இதற்குத் தீர்வு, காயின் நிலையை எண்ணாமல் நிலை மாறும் கணத்தை எண்ணுவது. ஒவ்வொரு காய்க்கும் 'விழுந்தது' என்ற மாறியை வைத்து, தொடக்கத்தில் 0 என்று குறிக்க வேண்டும். குழியைத் தொட்டதும், மாறி 0 ஆக இருந்தால் மட்டும் புள்ளியைக் கூட்டி, உடனே மாறியை 1 ஆக்கிவிட வேண்டும். அடுத்த 14 முறையும் நிரல் வந்து பார்க்கும். மாறி 1 என்று கண்டு திரும்பிப் போய்விடும். வாக்குச்சாவடியில் விரலில் மை வைப்பதைப் போன்றது இது. மை இருந்தால் மறுபடி வாக்கு இல்லை.

ஸ்டிரைக்கர் குழியில் விழுந்தால் அபராதமாக ஒரு காய் பலகைக்குத் திரும்புகிறது அல்லவா? அப்போது மூன்று செயல்கள் சேர்ந்து நடக்க வேண்டும்: காய் பலகைக்கு வருதல், அதற்கான புள்ளி கழிதல், 'விழுந்தது' மாறி மீண்டும் 0 ஆதல். மூன்றாவதை மறந்தால், அந்தக் காயை மறுபடி போட்டாலும் புள்ளி ஏறாது.

தமிழில் எழுதிய நிரல்

கட்டளைச் சொற்கள் தமிழிலேயே அமைந்த நிரல்மொழி எழில். முத்து அண்ணாமலை உருவாக்கிய இம்மொழி 2009-இல் பொதுவில் அறிவிக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. பதிப்பி என்பது திரையில் காட்டு என்னும் கட்டளை. ஆனால், இல்லை, முடி ஆகியவை நிபந்தனைக்கு உரியவை. நிரல்பாகம் என்பது ஒரு வேலையைத் தனியே பிரித்து எழுதும் பகுதி. பின்கொடு என்பது அப்பகுதி தரும் விடை. வீட்டு ஆட்டக் கணக்கை எழில் மொழியின் முறையில் பின்வருமாறு எழுதலாம். பலகையின் இரு பக்கத்து அணிகளுக்கும் வடக்கு, தெற்கு என்று பெயர்.

நிரல்பாகம் காய்மதிப்பு( வகை )
  @( வகை == "கருப்பு" ) ஆனால்
    பின்கொடு 10
  முடி
  @( வகை == "வெள்ளை" ) ஆனால்
    பின்கொடு 20
  முடி
  @( வகை == "ராணி" ) ஆனால்
    பின்கொடு 50
  முடி
  பின்கொடு 0
முடி

வடக்கு = 0
தெற்கு = 0
அடித்தவர் = "வடக்கு"
வகை = "வெள்ளை"

@( அடித்தவர் == "வடக்கு" ) ஆனால்
  வடக்கு = வடக்கு + காய்மதிப்பு( வகை )
இல்லை
  தெற்கு = தெற்கு + காய்மதிப்பு( வகை )
முடி

பதிப்பி "வடக்கு", வடக்கு
பதிப்பி "தெற்கு", தெற்கு

இங்கே காய்மதிப்பு என்ற பகுதிக்கு அணிகளைப் பற்றித் தெரியாது. அணிக்குக் கூட்டும் பகுதிக்கு நிறங்களின் மதிப்பு தெரியாது. உங்கள் வீட்டில் கருப்புக்கு 5, வெள்ளைக்கு 10 என்று ஆடினால் இரண்டு எண்களை மட்டும் மாற்றினால் போதும். நிரலின் மற்ற வரிகளைத் தொட வேண்டியதில்லை.

போட்டி முறைக்கு வேறொரு பகுதி வேண்டும். அதற்கு மூன்று செய்திகள் தேவை: எதிரணியின் காய்கள் எத்தனை மீதம், ராணி வென்றவரிடம் உள்ளதா, வென்றவரின் முந்தைய புள்ளி எவ்வளவு.

நிரல்பாகம் சுற்றுப்புள்ளி( மீதம், ராணி, முந்தையது )
  @( ராணி == 1 ) ஆனால்
    @( முந்தையது < 22 ) ஆனால்
      பின்கொடு மீதம் + 3
    முடி
  முடி
  பின்கொடு மீதம்
முடி

முன்னர்ப் பார்த்த எடுத்துக்காட்டில் மீதம் 4, ராணி 1, முந்தையது 10 என்று கொடுத்தால் விடை 7. முந்தையது 22 என்று கொடுத்தால் விடை 4. இப்பகுதியில் எந்த நிறத்தின் பெயரும் இல்லை என்பதைக் கவனிக்கவும். வென்றது வெள்ளையோ கருப்போ, விதி ஒன்றே.

ராணியைப் பொறுத்தவரை இன்னொரு மாறியும் தேவைப்படும். ராணி குழியில் விழுந்ததும் உடனே புள்ளியைக் கூட்டக் கூடாது. 'பலகையில் உள்ளது', 'ஃபாலோவுக்குக் காத்திருக்கிறது', 'வடக்கிடம் உள்ளது', 'தெற்கிடம் உள்ளது' என நான்கு நிலைகளில் ஒன்றை அம்மாறியில் எழுதி வர வேண்டும். காத்திருக்கும் நிலையில் அடுத்த அடி தவறினால் ராணி பலகைக்குத் திரும்பும். புள்ளி எதுவும் கழிக்க வேண்டியதில்லை, ஏனெனில் இன்னும் எதுவும் கூட்டப்படவில்லை.

நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டங்கள்

ஒதெல்லோ என்ற ஆட்டம் 64 கட்டப் பலகையில் ஆடப்படுவது. வில்லைகளின் ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் வெள்ளை. எதிராளியின் வில்லைகளை இரு பக்கமும் அடைத்தால் அவை புரட்டப்பட்டு நம் நிறமாகும். ஆட்டம் முடியும்போது எந்த நிறம் மிகுதியோ அவர் வென்றவர்.

இதை இரண்டு வழிகளில் எண்ணலாம். ஒன்று, ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் 64 கட்டங்களையும் முதலிலிருந்து எண்ணுவது. மற்றொன்று, மாறியவற்றை மட்டும் கணக்கில் எடுப்பது. கருப்பு ஒரு வில்லையை வைத்து 3 வெள்ளை வில்லைகளைப் புரட்டினால், கருப்புக்கு 4 கூடும், வெள்ளைக்கு 3 குறையும். கூட்டல், கழித்தல் இரண்டில் ஒன்றை மறந்தால் பிழை அடுத்தடுத்த நகர்வுகளுக்கும் தொடர்ந்து வரும். சிறிய பலகைக்கு முழுவதும் எண்ணுவதே பாதுகாப்பு. 64 கட்டங்களை எண்ணக் கணினிக்கு நேரமே ஆகாது.

2015-இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்லாட்டூன் விளையாட்டு இதன் பெரிய வடிவம். அணிக்கு நால்வராக 3 நிமிடம் ஆடுவர். தம் அணியின் மையைத் தரையில் தெளித்துக்கொண்டே போவர். நேரம் முடிந்ததும் தரையில் எந்த நிறம் எத்தனை விழுக்காடு என்று பார்த்து வெற்றி அறிவிக்கப்படும். சுவரில் தெளித்த மை இந்தக் கணக்கில் சேராது. நான் எத்தனை முறை தெளித்தேன் என்பதும் வெற்றிக் கணக்கில் வராது. முடிவில் என்ன நிறம் எஞ்சியிருக்கிறது என்பதே வரும். எங்கே எண்ணுவது, எப்போது எண்ணுவது ஆகிய இரண்டும் விதியின் பகுதிகள்.

நிறத்தைப் பிரித்தறிய இயலாதோர்

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளவர்கள் நம்மிடையே உள்ளனர். இது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, ஆண்களிடம் மிகுதி. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் 100-க்கு 8 பேர் அளவுக்கு இது காணப்படுகிறது. இந்தியாவில் இதைவிடக் குறைவு என்றாலும், சில நூறு மாணவர்கள் படிக்கும் பள்ளியில் ஓரிருவராவது இருக்க வாய்ப்புண்டு. பிறவியிலேயே அப்படிப் பார்ப்பதால், மற்றவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் பல ஆண்டுகள் தெரியாமல் போகலாம்.

இக்குறைபாட்டில் ஒரு வகையினருக்குச் சிவப்பு மிகவும் மங்கி, இருண்டு தெரியும். அவர்களுக்குக் கேரம் பலகையில் ராணியும் கருப்புக் காயும் ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றலாம். 50 புள்ளிக் காயை 10 புள்ளிக் காய் என்று நினைத்து ஆடும் பிள்ளையை மற்றவர்கள் 'ஆடத் தெரியாதவன்' என்று ஒதுக்கிவிடுவர். வகுப்பில் வரைபடம் பார்க்கும்போதும் சோதனைக் குழாயில் நிறமாற்றம் பார்க்கும்போதும் இதே பிள்ளை தடுமாறும். கவனக்குறைவு என்று கண்டிப்பதற்கு முன், கண் மருத்துவரிடம் காட்டச் சொல்வது ஆசிரியர் கடமை. பிற்காலத்தில் ரயில் ஓட்டுநர் போன்ற சில பணிகளுக்கு நிறப்பார்வைத் தேர்வு உண்டு என்பதால், முன்கூட்டியே அறிவது பிள்ளைக்கு நல்லது.

நிரல் எழுதுபவர் செய்ய வேண்டியது மிகச் சிறிது. அணிக்கு நிறத்தோடு ஒரு வடிவத்தையும் கொடுக்கலாம்: சிவப்புக் காயில் நட்சத்திரம், கருப்புக் காயில் வட்டம். புள்ளிப் பலகையில் வண்ணப் பட்டையை மட்டும் காட்டாமல் 'வடக்கு 40' என்று பெயரையும் எழுதலாம். சிவப்பு எதிர் பச்சை என்பதற்குப் பதிலாக நீலம் எதிர் ஆரஞ்சு என்று தேர்ந்தெடுக்கலாம். ஸ்ப்லாட்டூன் விளையாட்டிலும், மாறி மாறி வரும் அணி நிறங்களைப் பிரித்தறிய எளிதான ஒரே இணையாக நிலைநிறுத்தும் வசதி உண்டு. கணக்கு 'வகை' மாறியில் நடக்கும்படி நிரலை அமைத்திருந்தால், இந்த மாற்றங்கள் எதனாலும் புள்ளி பாதிக்கப்படாது. திரை நிறத்தை நம்பிய நிரலில் ஒரு நிறத்தை மாற்றினாலும் கணக்கு முழுவதையும் திரும்ப எழுத வேண்டிவரும்.

கணக்கைச் சரிபார்த்தல்

விளையாட்டு ஓடுகிறது என்பதால் கணக்குச் சரி என்று ஆகிவிடாது. கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பது போல, நிரலுக்கும் ஒத்துப் பார்க்கும் தொகை ஒன்று வேண்டும்.

வீட்டு ஆட்டத்தில் அத்தொகை 320. கருப்பு 9 × 10 = 90, வெள்ளை 9 × 20 = 180, ராணி 50. ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் வடக்கின் புள்ளி, தெற்கின் புள்ளி, பலகையில் நிற்கும் காய்களின் மதிப்பு, காத்திருக்கும் ராணி இருந்தால் அதன் 50 ஆகியவற்றைக் கூட்டினால் 320 வர வேண்டும். கூடுதலாக வந்தால் ஏதோ ஒரு காய் இருமுறை எண்ணப்பட்டுள்ளது. குறைவாக வந்தால் ஒரு காய் தவறவிடப்பட்டது. போட்டி முறையில், குழியில் உள்ளவையும் பலகையில் உள்ளவையும் சேர்ந்து எப்போதும் 19. ஒதெல்லோவில் கருப்பு, வெள்ளை, காலி ஆகிய மூன்றும் சேர்ந்து எப்போதும் 64.

ஆடிப் பார்க்கும்போது வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டியவை:

1. இரண்டு காய்களை ஒரே அடியில் போடுதல்.
2. எதிரணியின் காயைப் போடுதல். போட்டி முறையில் அது குழியிலேயே இருக்கும். அடித்தவரின் முறை போய்விடும்.
3. ஸ்டிரைக்கரைக் குழியில் விடுதல்.
4. ராணியைப் போட்டு, ஃபாலோவைத் தவறவிடுதல்.
5. காய்களின் நிறங்களை மாற்றிவிட்டு, அதே ஆட்டத்தை மீண்டும் ஆடுதல்.

ஐந்தாவது சோதனையில் புள்ளிகள் முன்பு வந்தபடியே வந்தால், நிரல் நிறத்தை அடையாளமாக மட்டுமே பயன்படுத்துகிறது என்று உறுதி கொள்ளலாம். இச்சோதனைகளை நிரல் எழுதிய மாணவர் செய்வதைவிட வேறொரு மாணவரைக் கொண்டு செய்விப்பது நல்லது. எழுதியவர் தம்மையறியாமல் சரியாக நடக்கும் வழியிலேயே ஆடுவார். மற்றவர் அப்படி ஆடமாட்டார்.